திருவிழா முடிந்தபின் மடுவுக்கு

சிவக்கொழுந்துக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எலிசபெத். மாதா கோயில் சுவாமியாரைத் தவிர வேறொருவரும் அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட்டதில்லை. அவர் கூப்பிடும்போதும் அது தன்னைத்தான் என்று உறைக்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். கலியாணம் முடித்துப் பதினைந்து வருடமாகியும் அப்படித்தான்.

அவள் பிறந்தது சல்லியில். திருக்கோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் அம்மன் கோயிலுமாகக் கிடக்கிற மீன்பிடிக் கிராமம். தாயோடு மீன்கடகம் சுமந்து பட்டினத்துக்கு வந்துபோன காலத்தில்தான் வஸ்தியாம்பிள்ளையைக் கண்டாள். அவன் வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தில் கப்பலுக்குப் பெயின்ற் அடிக்கிறவன், வேதக்காரன். மீன் வாங்க வருகிற சாட்டில் கதை வளர்ந்து, ஊர் வாய்க்குள் விழுந்து, கடைசியில் மாதா கோயிலில் தாலி ஏறியது. அன்றோடு அவளுடைய பேச்சை வீட்டில் எடுக்கக்கூடாது என்று தகப்பன் சொல்லிவிட்டார். சில வருடங்கள் கழித்து அவர் செத்த செய்தி கேட்டு அவள் ஓடிப்போனபோது தமையன் கோணாமலை வேலிக் கடப்படியில் வழியை மறித்து நின்றான்.

"சடங்கு முடியட்டும். பிறகு வா," என்றான்.

அந்தப் பிறகு வரவேயில்லை.

ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில், உள்துறைமுகத்துக் காற்று படுகிற ஒரு சின்ன வீட்டில் அவர்கள் இருந்தார்கள். அடுத்த வளவில் வஸ்தியாம்பிள்ளையின் தமக்கை திரேசம்மா இருந்தாள். புருஷனை இழந்தவள், அந்தத் தெருவில் செபமாலை சொல்லிக் கொடுப்பது அவள்தான். சிவக்கொழுந்து முழங்காலில் நின்றுகொண்டு வார்த்தையை விழுங்கினால் திரேசம்மாவின் கண் உடனே திறக்கும். "சைவத்தில இருந்து வந்தது, மெல்ல மெல்லத்தான் பிடிபடும்," என்று மற்றப் பெண்களிடம் சொல்வாள். இரக்கத்தோடுதான் சொல்வாள். அந்த இரக்கம் சிவக்கொழுந்துக்கு முள்ளாகக் குத்தும்.

கோயிலில் அவளால் இருக்க ஏலாது. பிரசங்கம் தொடங்கினால் கால் தன்பாட்டில் ஆடும். கடைசி வாங்கில் இருந்து எழும்பி வெளியே போவாள், வேப்பமரத்தடியில் நிற்பாள், அங்கேயும் நிற்க ஏலாமல் வளவைச் சுற்றுவாள். சில வெள்ளிக்கிழமைகளில் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோட்டை வாசல்வரை நடப்பாள். கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோயிலுக்கு அருச்சனைத் தட்டோடு போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். உள்ளே போகக் கால் வராது. ஞானஸ்நானம் வாங்கினவள் போகலாமா கூடாதா என்று கேட்க ஆளும் இல்லை. திரும்பி வேகவேகமாக வீட்டுக்கு வருவாள். வந்த வேகத்தில் குசினியைக் கூட்டுவாள், கூட்டின குசினியை மறுபடி கூட்டுவாள்.

"உனக்கு என்னடி குறை?" என்று வஸ்தியாம்பிள்ளை கேட்பான்.

"ஒரு குறையும் இல்லை."

அது பொய்யுமில்லை. அவன் நல்ல மனிதன். வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது வேலை போய், பிறகு துறைமுகத்தில் கிடைத்த கிடைத்த கூலிக்குப் போனான். அப்போதும் வீட்டில் குரல் உயர்த்தினதில்லை. ஒரே மகள் பிலோமினா தகப்பனைப் போலவே அமைதி. அந்த வீட்டில் அந்தரப்பட்டது சிவக்கொழுந்து ஒருத்திதான்.

அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழிப் புயலில் அவர்கள் வீட்டுச் சுவர் விழுந்தது. தாயும் மகளும் கட்டிலுக்குக் கீழே ஒதுங்கித் தப்பினார்கள். வஸ்தியாம்பிள்ளை சுவருக்கும் கூரை வளைமரத்துக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டான். காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்த அந்த நேரம் முழுக்க அவன் ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிக் கத்தினான்: "மடு மாதாவே, உயிரோட விடு, உன்னட்ட நடந்து வாறன்!" உயிரோடு விட்டாள். ஆனால் இடது கால் தொடையில் முறிந்து, பொருந்தும்போது கோணலாகப் பொருந்தியது. பொல்லு ஊன்றி வாசல்வரை வரலாம். காடு கடந்து மன்னார்ப் பக்கத்து மடுக் கோயிலுக்கு நடப்பது நடக்கிற காரியமில்லை.

சுவாமியார் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னார். ஏலாதவனிடம் தேவதாய் நடையைக் கேட்கமாட்டா, பஸ்ஸில் போனாலும் நேர்த்தி நேர்த்திதான் என்றார். வஸ்தியாம்பிள்ளை தலையை ஆட்டினான். சுவாமி போனதும் முகட்டைப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டான். தை போய், மாசி போய், பங்குனியும் போயிற்று. பெருமூச்சு மட்டும் போகவில்லை.

ஆனி பிறந்ததும், ஆடித் திருவிழாவுக்கு நடந்துபோகிற கூட்டம் பெயர் சேர்க்கத் தொடங்கியது. ஒருநாள் அடுப்படியில் நின்ற சிவக்கொழுந்து அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இஞ்சருங்கோ, உங்கட நேர்த்திக்கு நான் நடக்கிறன்."

அவன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். "நீயோ?"

"எனக்குக் கால் இருக்குத்தானே."

பக்தியில் சொன்ன வார்த்தை அல்ல அது. அந்த வீட்டை விட்டு, அந்தப் பெருமூச்சை விட்டு, எங்கேயாவது நேராக நடக்க வேண்டும்போல் இருந்தது. அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. வருடாவருடம் அந்தக் கூட்டத்தோடு நடக்கிற திரேசம்மாவுக்கு மட்டும் மணத்துவிட்டது.

"ஒருத்தர் வைச்ச நேர்த்தியை இன்னொராள் கழிக்கலாமோ?" என்று கூட்டத்தை நடத்துகிற சவிரிமுத்து மூப்பரிடம் கேட்டாள். "அதுவும் செபமாலை ஒழுங்காச் சொல்லத் தெரியாத ஆள்."

"புருஷனும் பெண்சாதியும் ஒரே உடம்பு எண்டு வேதத்தில கிடக்கு, திரேசம்மா," என்றார் மூப்பர். "கால் ஆற்றையாய் இருந்தால் என்ன?"

குறிஞ்சாக்கேணிக் கலீலுர் றஹ்மானின் மாட்டு வண்டி சாமான் ஏற்ற வந்தது. கருவாடும் உப்பும் ஏற்றிக்கொண்டு ஹொரவப்பொத்தானைப் பக்கம் போய்வருகிறவர் அவர். ஆனி பிறந்தால் கருவாட்டை விட்டுவிட்டு மடுவுக்குப் போகிறவர்களின் பானை சட்டியை ஏற்றுவார். வேதக்காரர் பாட்டுகளில் பாதி அவருக்கும் பாடம்.

கன்னியா கடந்து, பன்குளம் கடந்து, முதலிக்குளத்துக்கு அப்பால் காடு இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது. கச்சான் காற்று செம்மண்ணை வாரி முகத்தில் அடித்தது. சிவக்கொழுந்து எல்லோருக்கும் முன்னால் போய்விடுவாள். மூப்பர் கூப்பிட்டு நிறுத்துவார். கூட்டம் வந்து சேரும்வரை பாதையோரத்தில் அங்கும் இங்குமாக நடந்துகொண்டிருப்பாள். பாடச் சொன்னால் வாய் அசையும், சத்தம் வராது. எல்லோரும் ஒரு பக்கம், தான் ஒரு பக்கம் என்ற அதே பழைய நினைவு காட்டுக்குள்ளும் கூடவே வந்தது. திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு தரம் யோசித்தாள்.

ஹொரவப்பொத்தானையைத் தாண்டின அன்று மத்தியானம் திரேசம்மா பாதி வழியில் குந்திவிட்டாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு அடுப்பாக எரிந்தது. பல் கிட்டி நடுங்கினாள். வண்டியில் ஏற்றினார்கள். வண்டி குலுங்கக் குலுங்க வாந்தி வந்தது.

"இனி இவவைக் கொண்டு போகேலா," என்றார் கலீலுர் றஹ்மான். "உள்ளுக்கு ஒரு ஊர் இரிக்கி. என்ட தங்கச்சி றஹ்மா அங்கதான் கலியாணம் முடிச்சி இரிக்கா. அங்க விடுவம். ஆராச்சும் ஒராள் கூட நிக்கணும்."

வருடம் முழுக்கக் காத்திருந்து வெளிக்கிட்டவர்கள். நின்றால் திருவிழா போய்விடும். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். சிவக்கொழுந்துக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை.

"நான் நிக்கிறன்," என்றாள். "என்ரை மச்சாள்தானே."

றஹ்மாவின் வீடு மண்சுவர் வீடு. கேள்வி ஒன்றும் கேட்காமல் பாயை விரித்தாள், கொத்தமல்லி அவித்தாள், தன்னுடைய நல்ல போர்வையை எடுத்துப் போர்த்தினாள். எங்கே போகிறார்கள் என்று சொன்னபோது, "உங்கட மாதா, எங்கட மர்யம் அலைஹிஸ்ஸலாம், அவங்களத் தேடித்தானே போறீங்க? அப்ப நீங்க எங்கட வீட்டுக்கும் விருந்தாளி," என்றாள்.

காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. சிவக்கொழுந்து ஈரத்துணி மாற்றினாள், கஞ்சி பருக்கினாள், முற்றத்தில் நடந்தாள், வந்து மறுபடி துணி மாற்றினாள். ஒரு பின்னேரம் திரேசம்மா கண்ணைத் திறந்து கழுத்தைத் தடவினாள். செபமாலையைத் தேடுகிறாள் என்று தெரிந்தது.

"நீ சொல்லு," என்றாள். குரல் எழும்பவில்லை. "எனக்கு ஏலாது."

சிவக்கொழுந்து முழங்காலில் இருந்தாள். துக்க தேவ இரகசியமா, சந்தோஷ தேவ இரகசியமா, அன்றைக்குச் செபமாலையில் சொல்ல வேண்டியது எது என்று தெரியவில்லை. தெரிந்ததைத் தொடங்கினாள். நடுவில் வார்த்தை தடுமாறியது. தடுமாறின இடத்தில், தன்னை அறியாமல், சல்லியில் சின்ன வயதில் தாய் சொல்லிக் கேட்ட வார்த்தை வாயில் வந்து விழுந்தது. "அம்மாளே, எங்கட அம்மாளே, இந்தப் பிள்ளையைக் காப்பாற்றணை."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். திரேசம்மாவின் கண் திறந்திருந்தது. ஏச்சு விழும் என்று காத்திருந்தாள்.

"ஏன் நிப்பாட்டினாய்?" என்றாள் திரேசம்மா. "அப்பிடியே சொல்லு. நல்லாய்க் கிடக்கு."

சிவக்கொழுந்து அப்படியே சொன்னாள். செபத்தில் இருந்ததும் இல்லாததுமாக, ஒழுங்கில்லாமல், திரேசம்மா உறங்கும்வரை சொன்னாள்.

காய்ச்சல் முழுதாக இறங்கினபோது திருவிழா முடிந்துவிட்டது. பெரிய பாதையில் வரிசையாக லொறிகள் திரும்பி வருகிற இரைச்சல் றஹ்மாவின் முற்றத்துக்குக் கேட்டது. கலீலுர் றஹ்மானும் வெறும் வண்டியோடு வந்தார். மற்ற ஆட்கள் மதவாச்சியால் பஸ் பிடித்து ஊருக்குப் போய்விட்டார்களாம்.

"வாங்க, வீட்டுக்குப் போவம்," என்றார்.

"நான் வரேல்லை, காக்கா," என்றாள் சிவக்கொழுந்து. "நான் மடுவுக்குப் போறன்."

திரேசம்மா பாயில் எழும்பி இருந்தாள். "உனக்கு விசரோ? திருவிழா முடிஞ்சுது. மாதா சுருவத்தைத் திரும்ப உள்ளுக்கு வைச்சிருப்பினம். அங்கை ஆரிட்டைப் போறாய்?"

"தெரியாது, மச்சாள். வெளிக்கிட்டனான், பாதியில திரும்ப ஏலாது. அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்."

"காட்டுப் பாதையில தனியப் போனால் என்ரை தம்பிக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

கலீலுர் றஹ்மான் மாட்டின் முதுகைத் தடவினார். "மாடு இண்டைக்கு ஆறட்டும்," என்றார். "நாளைக்கு விடியத் திருப்புறன். திரேசம்மா ராத்தா வண்டியில இரிக்கட்டும். நீ உன்ட நேர்த்திக்கு நட."

அப்படித்தான் அவர்கள் போனார்கள். வவுனியா தாண்டி மன்னார்ப் பாதையில் ஏறினபோது உலகமே எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது. லொறி, வண்டில், சைக்கிள், தலையில் பெட்டி சுமந்த பெண்கள், தோளில் உறங்குகிற பிள்ளைகள். "முடிஞ்சுது அக்கா, முடிஞ்சுது!" என்று லொறிக்காரர் கத்தினார்கள். நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தி தான் வந்த லொறியை நிறுத்தச் சொல்லி, இரண்டு மாம்பழத்தைச் சிவக்கொழுந்தின் கையில் திணித்துவிட்டுப் போனாள். சிரிப்பவர்களும் இருந்தார்கள். பிந்தினவள் என்று அவளைப் பார்த்துச் சிரித்தார்களே தவிர, அந்நியம் என்று ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவள் எங்கே போகிறாள் என்று கேட்காமலே தெரிந்துவைத்திருந்தார்கள். அவளுடைய குதிகால் வெடித்து இரத்தம் கசிந்தது. ஆனாலும் முதல் தடவையாக அவள் வண்டியை முந்திப் போகவில்லை. மாட்டோடு மாடாக நடந்தாள். திரேசம்மா வண்டிக்குள் இருந்து மெல்லிய குரலில் பாட்டெடுத்தபோது கூடப் பாடினாள். கலீலுர் றஹ்மானும் சேர்ந்துகொண்டார்.

மடு வெறிச்சோடிக் கிடந்தது. பாலை மரங்களுக்குக் கீழே குழைக் கொட்டில்கள் வாடிச் சாய்ந்திருந்தன. அடுப்புக் கல்லும் சாம்பலும் எங்கு பார்த்தாலும். குரங்குகள் எச்சில் இலைகளைக் கிளறின. ஆயிரம் ஆயிரம் கால் மிதித்த மண் மாவாக இருந்தது. கோயிலுக்குள் மூன்று நான்கு பேர். திரேசம்மா ஒரு தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சிவக்கொழுந்து முன்னுக்குப் போனாள். அவள் வாழ்க்கையில் ஒரு கோயிலின் முன்வரிசையில் நின்றது அன்றுதான்.

அண்ணாந்து பார்த்தாள். சின்ன முகம். அவள் நினைத்து வந்த அளவு பெரிய சுருவம் இல்லை. மனதில் ஒன்றும் எழும்பவில்லை. இவ்வளவு தூரம் வந்து இதுதானா என்று நினைத்தாள். கால் மறுபடி ஆடத் தொடங்கியது.

"அவர் வரேல்லை," என்றாள் வாய்விட்டு. "கால் ஏலாது. நான்தான் வந்தனான். ஏற்றுக்கொள்ளணை."

சொல்ல வந்தது அவ்வளவுதான். ஆனால் வாய் நிற்கவில்லை. செபப் புத்தகத்தில் இல்லாத கதையெல்லாம், சல்லியில் பேசுகிற பேச்சில், வந்தது. அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடவில்லை என்று சொன்னாள். அம்மன் கோயில் பொங்கலன்று பாதையோரப் பனைக்குப் பின்னால் நின்று பறை கேட்டதைச் சொன்னாள். உன்னுடைய கோயிலிலும் எனக்கு இருக்கத் தெரியவில்லை, அங்கேயும் போக ஏலாது, நான் எந்த ஊர் ஆள் என்று கேட்டாள். அழுகை வந்தது, கோபமும் வந்தது. கொஞ்சம் அதட்டியும் பேசினாள். தாயிடம் பேசுகிறதுபோலப் பேசினாள்.

பேசி முடித்தபோது நிலத்தில் இருந்தாள். எப்போது இருந்தாள் என்று தெரியவில்லை. மெழுகுதிரிகள் உருகிக்கொண்டிருந்தன. யாரோ வந்தார்கள், போனார்கள். எழும்ப வேண்டும் என்று தோன்றவில்லை. வெயில் வாசலில் இருந்து இறங்கிப் போகும்வரை அப்படியே இருந்தாள். திரேசம்மாதான் வந்து தோளைத் தொட்டாள்.

"வா, ஏதும் சாப்பிடுவம். நீ இவ்வளவு நேரம் ஒரு இடத்தில இருந்து நான் கண்டதில்லை."

வெளியே கலீலுர் றஹ்மான் குந்தியிருந்து லேஞ்சியில் மண் அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தார். "மடு மண்ணுக்குப் பாம்பு அண்டாது," என்றார். "எங்கட வயல்ல புடையன் பாம்பு கூட. ஊர்ல நாலு பேர் சொல்லி விட்டிரிக்காங்க." சிவக்கொழுந்தும் குனிந்து மண் அள்ளினாள். வஸ்தியாம்பிள்ளைக்கு ஒரு முடிச்சு கட்டினாள். கை பிறகும் அள்ளியது. இந்த இரண்டாவது முடிச்சு யாருக்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டு முந்தானையில் செருகினாள்.

வீட்டுக்கு வந்தபோது வஸ்தியாம்பிள்ளை மண்ணை வாங்கி நெற்றியில் பூசினான், காலில் பூசினான், அவளுடைய வெடித்த பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்து எண்ணெய் தடவினான். அன்றைக்கு அவன் முகட்டைப் பார்க்கவில்லை, நன்றாக உறங்கினான். அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மற்ற முடிச்சு கிடந்து உறுத்தியது. அடுத்த நாள் காலை சல்லிக்கு நடந்தாள்.

கோணாமலை வளவுக்குள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தான். அவள் கடப்புக்கு வெளியே நின்றாள்.

"அண்ணை, மடுவுக்குப் போனனான். மண் கொண்டு வந்திருக்கிறன்."

அவன் ஊசியை வலைக்குள் விட்டு இழுத்தான். அவனுடைய பெண்சாதி இரத்தினேஸ்வரி குசினிக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "மடு மண்ணோ? ஐயோ, அம்மாளாச்சிதான் அனுப்பியிருக்கிறா. போன கிழமையும் கோழிக்கூட்டுக்குள்ள நாகம் கிடந்தது. பிள்ளையளை வெளியில விடப் பயமாய்க் கிடக்கு." அவள் இரண்டு கையையும் ஏந்தி மண்ணை வாங்கி, உள்ளே அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, வீட்டைச் சுற்றித் தூவிக்கொண்டு வந்தாள். தூவிக்கொண்டு வந்தவள் கடப்படியில் நின்றவளின் காலடியில் வந்து நின்று புருஷனைப் பார்த்தாள்.

கோணாமலை வலையை வைத்தான்.

"நடந்தோ போனனீ?"

"ஓம்."

"அந்தக் காட்டுக்குள்ளாலயோ? யானைக் காடெல்லோ?"

"ஓம்."

"ஆர் கூடப் போனது?"

"மச்சாளும், குறிஞ்சாக்கேணிக் காக்கா ஒராளும்."

அவன் அவளுடைய பாதத்தைப் பார்த்தான். கனநேரம் பார்த்தான்.

"அப்பர் கடைசி நேரம் உன்னைக் கேட்டவர்," என்றான். "நான் உனக்குச் சொல்லி அனுப்பேல்லை." பிறகு பெண்சாதியைப் பார்த்துச் சத்தமாக, "என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? அவளுக்குச் சோத்தைப் போடு," என்றான்.

அவள் உள்ளே போனாள். சோற்றில் கை வைத்துக்கொண்டு, தகப்பன் கேட்டதையே திரும்பத் திரும்ப நினைத்தாள். இரத்தினேஸ்வரி மீன் குழம்பை அள்ளி அள்ளி ஊற்றினாள்.

அதற்காக எல்லாம் ஒரே நாளில் சீராகிவிடவில்லை. ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் திரேசம்மா பழைய திரேசம்மா ஆகிவிட்டாள். வார்த்தை பிசகினால் கண் திறக்கிறது திறக்கிறதுதான். ஆனால் செபமாலை முடிந்ததும், "நீ உன்ரை விதமாயும் ஒருக்காச் சொல்லு," என்பாள். மற்றப் பெண்கள் விழிப்பார்கள். சிவக்கொழுந்து சொல்வாள். அம்மாளே என்றுதான் தொடங்குவாள். பிரசங்கத்தில் அவள் எழும்பி வெளியே போவதும் நிற்கவில்லை. வேப்பமரத்தடியில் நின்று உள்ளே நடப்பதைக் கேட்பாள். வெளியே நின்றாலும் தன்னுடைய கோயிலுக்கு வெளியேதான் நிற்கிறோம் என்ற எண்ணம் இருந்தது.

ஆனி பிறந்தால் மட்டும் அவளைப் பிடித்து வைக்க ஏலாது. கச்சான் வீசத் தொடங்கியதும் கால் குறுகுறுக்கும், சாப்பாடு இறங்காது. வஸ்தியாம்பிள்ளை இருந்த காலத்தில் அவன் பொல்லை ஊன்றி வாசல்வரை வந்து வழியனுப்புவான். எழுபத்து நாலில் அவன் போனபிறகு மகள் பிலோமினா அனுப்பினாள். அறுபத்தைந்தில் இருந்து எழுபத்தெட்டு வரைக்கும் அவள் நடந்தே போனாள்; பிறகு முழங்கால் இடம் கொடுக்காததால் பாதி வழி வண்டியும் பாதி வழி நடையுமாகப் போனாள். கோணாமலை ஒருநாளும் மடுவுக்கு வந்ததில்லை. ஒவ்வொரு வருடமும் பிடித்த நல்ல பாரைக் கருவாட்டில் ஒரு பார்சல் கட்டி, "வழியில சாப்பிடு," என்று கொண்டுவந்து கொடுப்பான்.

இரத்தினேஸ்வரி இரண்டாவது வருடமே கூட வெளிக்கிட்டாள். நெற்றியில் திருநீறும், மடியில் கற்பூரப் பெட்டியும், நாகத்திடமிருந்து பிள்ளைகளைக் காத்ததற்கு ஒரு வெள்ளிச் சின்னமும் கொண்டு வந்தாள். சவிரிமுத்து மூப்பர் கற்பூரத்தைக் கண்டு முகம் சுளித்தார். கலீலுர் றஹ்மான் வண்டியில் இருந்து, "மூப்பர், நேரமாகுது, வெயில் ஏறுது," என்று மாட்டைத் தட்டினார். திரேசம்மா பாட்டெடுத்தாள். பாட்டின் வார்த்தை தெரியாத இரத்தினேஸ்வரி, "இதென்ன மச்சாள், எப்ப முடியும்?" என்று சிவக்கொழுந்தின் காதுக்குள் கேட்டாள்.

"வவுனியாவுக்குப் போய்ச் சேரேக்கை முடியும்," என்றாள் சிவக்கொழுந்து. "நீ சும்மா வாயை அசைச்சுக்கொண்டு வா."